பழைய சட்டையின் விலை

அண்மையில் வாசுதேவநல்லூரில் ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். சென்னையில் பணிபுரியும் மூத்த மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் கையில் நிறம் மங்கிய பின்னலாடைச் சட்டை ஒன்று. நெஞ்சுப்புறத்தில் சிறியதொரு வெற்றி மாலைச் சின்னம். இரண்டு புதுச் சட்டைகளுக்குரிய பணம் கொடுத்து அப்பழைய சட்டையை வாங்கினானாம்!

“கேட்டீங்களா சாமி! அண்ணன் காலேஜுக்குப் போட்ட சட்டையைச் சின்னவன் தொட மாட்டேங்கான். பழசாம், வெட்கமாம். இவன் என்னடான்னா, யாரோ போட்ட சட்டையைக் காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கான்” என்றார் தாய்.

அக்கேள்வி என் நெஞ்சில் தைத்தது. அச்சட்டையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அது பிரெட் பெரி என்னும் ஆங்கில டென்னிஸ் வீரரின் பெயர் தாங்கியது. 1909-இல் பிறந்த அவருடைய தந்தை, பஞ்சாலையில் நூல் நூற்ற தொழிலாளி. பின்னாளில் பாராளுமன்ற உறுப்பினரானவர். செல்வர்களின் ஆட்டமாக இருந்த டென்னிஸில், அத்தொழிலாளியின் மகன் 1934, 1935, 1936 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் விம்பிள்டன் பட்டம் வென்றார். ஊதியம் பெற்று ஆடும் வீரராக அவர் மாறியதும், விம்பிள்டன் கழகம் அவருக்களித்த கௌரவ உறுப்பினர் தகுதியைப் பறித்துக்கொண்டது. பிரெஞ்சு வீரர் லக்கோஸ்த் 1933-இல் சட்டை நிறுவனம் தொடங்கி வழி காட்டியிருந்தார். பெரியும் 1952-இல் தம் சட்டையை வெளியிட்டார். உழைக்கும் குடும்பத்து இளைஞர்கள் அதைப் பெருமையோடு அணிந்தனர். 1984-இல் அதே விம்பிள்டனில் அவருக்குச் சிலை எழுந்தது. அவர் 1995-இல் மறைந்தார். இன்று பழம்பொருள் சேர்ப்போர் கழுத்துப்பட்டைச் சீட்டையும் தையலையும் ஆராய்ந்து அப்பழைய சட்டைகளை வாங்குகின்றனர்.

அவர்கள் விலை கொடுப்பது துணிக்கா? அன்று! துணி சுமந்து நிற்கும் கதைக்கு.

அப்படியாயின், நம் வீட்டுச் சட்டைக்குக் கதை இல்லையா? மறுமுறை சென்றபோது சின்னவனை அருகழைத்து, “அண்ணனின் அந்தச் சட்டையை அப்பா எப்படி வாங்கினார், தெரியுமா?” என்றேன். அவன் விழித்தான். புளியங்குடி எலுமிச்சைத் தோப்பில் வெயிலில் காய் பறித்துச் சேர்த்த கூலியை, தந்தை தயங்கித் தயங்கிச் சொன்னார். மகன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். மூத்தவனும் அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டானாம்!

பெற்றோரே, பழைய ஆடையைப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அதன் கதையையும் சேர்த்துக் கொடுங்கள். கதை தெரியாத துணியே கந்தலாகிறது.

விடைபெற்று எழுந்தபோது, சின்னவன் அண்ணனின் சட்டையை எடுத்து வந்து, அறுந்த பொத்தானைத் தைத்துத் தருமாறு தாயிடம் நீட்டினான்.