தராசும் அமானிதமும்



சீன மருந்துக் கடையில் நூற்றுக்கணக்கான சிறு இழுப்பறைகள் இருக்கும். வேரையும் பட்டையையும் கைத்தராசில் நிறுத்துத் தருவது பழைய வழக்கம். இன்று அந்நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில், மருத்துவர் கணினியில் எழுதும் சீட்டின்படி இயந்திரமே புட்டியின் குறியீட்டைச் சரிபார்த்து, குருணை மருந்தை அளந்து பொட்டலமிடுகிறது.

அளவு சரி. புட்டிக்குள் இருப்பது எது?

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய மருந்துண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. 'ஃபாங்ஜி' மூலிகைக்குப் பதிலாக, பெயரளவில் ஒத்த 'குவாங் ஃபாங்ஜி' என்னும் நச்சு மூலிகை சேர்ந்ததே காரணம். மாறிய மூலிகையை எந்தத் தராசும் காட்டிக்கொடுக்காது.

அளவையில் மோசம் செய்வோரைத் திருமறை கடுமையாக எச்சரிக்கிறது. நிறையை இயந்திரம் காக்கும். புட்டியை நிரப்பும் கை அமானிதத்தைக் காக்க வேண்டும். உண்ணும் மருந்து இன்னதென்று நாமும் கேட்டறிவோமாக!