இழுவை வீடும் நெடுஞ்சாலை வேகமும்

மோட்டார் வண்டியின் பின்னே ஒரு சிறு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் செல்லும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியதில்லை. பிரித்தானியாவிலோ கோடை விடுமுறை தொடங்கியதும் எண்ணற்ற குடும்பங்கள் இவ்வாறு புறப்பட்டுவிடுகின்றன. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, அலுமாரி யாவும் அடங்கிய அவ்வீட்டை அந்நாட்டார் கரவன் என்பர். காரின் பின்புறத்தே பொருத்தப்பட்ட உருண்டையான இரும்புக் குமிழ் ஒன்றின்மீது கரவனின் மூக்குப் பகுதி கவிந்து பூட்டிக்கொள்ளும். அங்கே குடியேறிய நம்மவர் குடும்பங்களும் இன்று இப்பயணங்களில் ஈடுபடுகின்றன. பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அந்நாட்டில் விட்டுவிட்டு இங்கிருந்து இப்பேச்சைக் கேட்கும் நேயர்கள் பலர் உளராதலின், இத்தகைய வண்டியை நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகமாகச் செலுத்துதல் தகும் என்னும் வினாவைச் சிறிது ஆராய்வோம்.

கரவன் பயணத்தைப் பொழுதுபோக்காக்கிப் புகழ் பரப்பியவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை வைத்தியர். அவர் 1885 ஆம் ஆண்டில், இரண்டு குதிரைகள் இழுத்த வீட்டு வண்டியொன்றில், தென் இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வர்னெஸ் நகர்வரை சென்றார். அவருடைய பணியாள் முச்சக்கரச் சைக்கிளில் முன்னே சென்று எதிர்ப்படுவோரை எச்சரிப்பாராம். குதிரை களைத்தால் வண்டி நின்றுவிடும். வேகத்தைப் பற்றிய கவலைக்கு அங்கு இடமில்லை. 1919 ஆம் ஆண்டில் பேர்மிங்காமிலே எக்கிள்ஸ் நிறுவனம் மோட்டார் கார் இழுக்கும் கரவன்களைச் செய்து விற்கத் தொடங்கிய பின்னரே அக்கவலை பிறந்தது. இயந்திரத்துக்குக் களைப்பு ஏது?

சட்டம் என்ன கூறுகின்றது என்பதை முதலிற் பார்ப்போம். பிரித்தானியாவில் ஊர்ப்புறத்துக்கு வெளியே, நடுவே பிரிக்கப்படாத சாலையில் தனிக் கார் மணிக்கு 60 மைல் வேகத்திலும், பிரிக்கப்பட்ட சாலையிலும் மோட்டார்ப் பெருஞ்சாலையிலும் 70 மைல் வேகத்திலும் செல்லலாம். கரவன் பூட்டிய கார் முறையே 50 மைலையும் 60 மைலையும் தாண்டலாகாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்களையுடைய பெருஞ்சாலையில் வலது கோடித் தடம் அதற்கு விலக்கப்பட்டுள்ளது. ஜேர்மனியிலே பொதுவான எல்லை மணிக்கு 80 கிலோமீற்றர், அதாவது ஏறக்குறைய 50 மைல். வண்டியின் எடை, அதிர்வுதாங்கி, ரயர் ஆகியவை குறித்த நிபந்தனைகளுக்கு அமைந்திருந்தால் மட்டும் பெருஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வரை செல்ல அனுமதி வழங்குவர். கலிபோர்ணியாவில் இழுவை வண்டி பூட்டிய எந்த வாகனத்துக்கும் எல்லை 55 மைல். இயற்கையின் விதிகள் மூன்று நாட்டிலும் ஒன்றே. சட்டத்தின் எண்கள் மட்டும் வேறு. எனவே பலகையில் எழுதியிருக்கும் எண் நமக்கு மேலெல்லையைத்தான் காட்டுகின்றது. நமது வண்டிக்கு ஏற்ற வேகத்தை அது காட்டுவதில்லை.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1997 ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து பிரித்தானியாவிலே காரோட்டும் சோதனையில் தேறியவர்கள், பாரமான கரவனை இழுப்பதற்குத் தனிச் சோதனை ஒன்றிலும் தேறவேண்டியிருந்தது. 2021 டிசெம்பர் 16 ஆம் திகதியுடன் அந்நிபந்தனை நீங்கிற்று. இன்று கார் அனுமதிப்பத்திரம் பெற்ற எவரும் 3,500 கிலோகிராம் வரையுள்ள இழுவை வண்டியைப் பூட்டிக்கொண்டு புறப்படலாம். பயிற்சி பெறுதல் நன்று என்று அறிவுரை கூறுகின்றனர், கட்டாயம் இல்லை. முதன்முறையாகக் கரவன் வாடகைக்கு எடுத்த தந்தை ஒருவர், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, பரீட்சிப்பார் எவருமின்றி, தமக்குத் தாமே நீதிபதியாக இருந்து வேகத்தைத் தீர்மானிக்க வேண்டிய நிலை இது.

கரவனை இழுப்போர் மிகவும் அஞ்சுவது பாம்பு நெளிவு எனப்படும் ஆட்டத்தையே. ஓடும் கரவனைக் காற்றோ, சாலையின் பள்ளமோ, ஓட்டுநரின் கையசைவோ பக்கவாட்டில் சிறிது தள்ளிவிடுகின்றது. மெதுவாகச் செல்லும்போது அது ஓரிரு முறை ஆடித் தானே நேராகிவிடும். வேகம் ஏற ஏற அவ்வாட்டம் அடங்குவதற்கு நெடுநேரமாகும். ஒரு குறித்த வேகத்தைத் தாண்டிவிட்டால் ஆட்டம் அடங்குவதை விட்டு வளரத் தொடங்கும். ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் தக்க தருணத்தில் உந்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அவ்வாறே கரவனின் வால் இடமும் வலமுமாக வீசி, காரின் பின்புறத்தையும் உடன் இழுத்து, ஈற்றில் இரண்டையும் குடைசாய்த்துவிடக்கூடும்.

வேகத்துக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள தொடர்பு விளங்குதற்கு அரிதன்று. உருளுகின்ற சக்கரம் பக்கவாட்டிலும் நகருமாயின், அது நோக்குந் திசைக்கும் உண்மையிற் செல்லுந் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகின்றது. அக்கோணம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குத் தரை ரயரைப் பற்றி எதிர்த்துத் தள்ளும். இப்போது சக்கரம் வினாடிக்கு ஓரடி பக்கமாக வீசப்படுகின்றதெனக் கொள்வோம். மணிக்கு 30 மைல் வேகத்தில் வண்டி வினாடிக்கு 44 அடி முன்னேறும். 60 மைல் வேகத்தில் 88 அடி முன்னேறும். பக்க வீச்சு ஒன்றாகவே இருக்க, முன்னேற்றம் இருமடங்காகிவிட்டமையால் கோணம் பாதியாகின்றது. ஆட்டத்தைத் தணிக்கின்ற தரையின் எதிர்ப்பும் பாதியாகின்றது. பாதுகாப்பான வேகம் என்பது, இத்தணிப்பு ஓட்டுநரின் உதவியின்றியே ஆட்டத்தை வெல்லுகின்ற வேகமாகும்.

அந்த வேகம் எல்லாக் கரவனுக்கும் ஒன்றன்று. அது பெரும்பாலும் பாரத்தினால் அமைவது. நம் மாட்டுவண்டிக்காரருக்கு இவ்விடயம் கைவந்த பாடம். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்தும். ஆகையால் மூட்டைகளை ஏற்றியதும் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்தே மாட்டைப் பூட்டுவர். கரவனிலும் மூக்குப் பகுதி இரும்புக் குமிழைத் தக்க அளவு அழுத்துதல் வேண்டும். பிரித்தானியாவில் அவ்வழுத்தம் கரவனின் ஏற்றிய எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை இருத்தல் நன்றென்பர். ஆனால் காரைச் செய்தோர் விதித்த எல்லையை அது தாண்டலாகாது. அமெரிக்காவில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை கூறுவர். ஓர் ஊர் முறையை மற்றோர் ஊர் வண்டிக்குப் பொருத்திப் பார்க்காமலிருப்பதே நலம். பின்பாரமாக ஏற்றிய கரவன் 45 மைலிலேயே நெளியத் தொடங்கினாலும் வியப்பதற்கில்லை.

மொத்த எடை மட்டுமன்றி, அது எங்கே வைக்கப்பட்டிருக்கின்றது என்பதும் முக்கியம். ஒரே பாரத்தை நடுவிலே, அச்சுக்கு மேலாகத் தாழ்வாக வைத்தால் ஆட்டம் விரைவில் அடங்கும். இரு கோடிகளிலும் பிரித்து வைத்தால் ஒருமுறை வீசத் தொடங்கிய வண்டியை நிறுத்துதல் கடினம். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர் சோதனைக் கரவனொன்றை ஓட்டிப் பார்த்து 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், பாரம் பரவியிருக்கும் விதம், மூக்கழுத்தம், அச்சு அமைந்த இடம் ஆகியவற்றையே முதன்மைக் காரணங்களாகக் கண்டது. நம்மவர் பயணத்தில் அரிசி மூட்டையும் பெருஞ்சட்டிகளும் விட்டுப்போவதில்லை. இறக்குவதற்கு எளிதென்று அவற்றைப் பின்கோடியில் அடுக்கிவிடுவர். அவற்றின் இடம் அச்சுக்கு நேரே, தரைமீது.

காருக்கும் கரவனுக்கும் உள்ள எடைப் பொருத்தத்தைப் பற்றியும் ஒரு நல்ல வழக்கு உண்டு. ஏற்றிய கரவனின் எடை, காரின் வெற்றெடையில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேற்படாதிருத்தல் புதியவர்களுக்குத் தகுதி என அந்நாட்டுக் கரவன் சங்கத்தார் கூறுவர். 1,600 கிலோகிராம் காருக்கு 1,360 கிலோகிராம் கரவன் எனக் கொள்ளலாம்; அக்கரவனின் மூக்கழுத்தம் 68 முதல் 95 கிலோகிராம் வரை அமையும். இது சட்டமன்று, எனினும் சட்டத்தைப் போலவே மதிக்கத்தக்கது.

இனிச் சாலைக்கு வருவோம். பெருஞ்சாலையிற் செல்லும் பெரும் பார லொறிகளின் வேகம் அவற்றிற் பொருத்திய கருவியினால் மணிக்கு 56 மைலுக்குக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கரவன் ஓட்டுநர் 60 மைலில் அத்தகைய லொறியொன்றைத் தாண்ட முற்பட்டால், இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் 4 மைலே. லொறியின் நீளத்தையும் தம் வண்டியின் நீளத்தையும் முன்பின் இடைவெளிகளையும் சேர்த்து 200 அடி எனக் கொண்டால், தாண்டி முடிக்க அரை நிமிடத்துக்கு மேற் செல்லும். அதற்குள் அரை மைலுக்கும் அதிகமான தூரம் கடந்துவிடும். அவ்வளவு நேரமும் லொறி கிழித்துவிடும் காற்று கரவனை முதலில் ஒதுக்கியும் பின்னர் ஈர்த்தும் அலைக்கழிக்கும். இதனால் மிச்சமாவது என்ன? நூறு மைற் பயணத்தை 50 மைல் வேகத்தில் இரண்டு மணிநேரத்திலும், 60 மைல் வேகத்தில் ஒரு மணி நாற்பது நிமிடத்திலும் முடிக்கலாம். மிச்சம் இருபது நிமிடம். தேநீர்க் கடையில் அதைவிட அதிகம் செலவாகும்.

அந்த இருபது நிமிடத்துக்குக் கொடுக்கும் விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஓடும் வண்டியின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதாகையால், 50 இலிருந்து 60 மைலுக்குச் செல்லும்போது அது நூற்றுக்கு 44 பங்கு கூடுகின்றது. பிரித்தானிய நெடுஞ்சாலை விதிநூல், தனிக் கார் நிற்பதற்கு 50 மைலில் 175 அடியும், 60 மைலில் 240 அடியும் வேண்டுமென்கிறது. கரவன் பூட்டிய கார் இவற்றுக்கும் அப்பாலேதான் நிற்கும்.

இறக்கம் தனிக் கவனத்துக்குரியது. மேட்டில் கார் கரவனை இழுக்கின்றது. இறக்கத்திலோ கரவன் காரைத் தள்ளுகின்றது. ஏற்றத்தில் அடங்கியிருந்த ஆட்டம் இறக்கத்தில் வெளிப்படுவது இதனாலேயே. எம் 6 பெருஞ்சாலை கம்பிரியாவிலே ஷாப் என்னும் இடத்தில் ஆயிரம் அடிக்கு மேலான உயரத்தை அடைகின்றது. அங்கே காற்றும் சரிவும் ஒருங்கு சேரும். இத்தகைய இடங்களில் இறக்கம் தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். இறங்கும்போது பிறேக்கை அழுத்தித் திருத்துவோம் என்றிருத்தல் தவறு. யோர்க்ஷயரில் சட்டன் பாங்க் என்னும் சரிவு நாலடிக்கு ஓரடி வீதம் இறங்குவது. கரவன் எந்த வேகத்திலும் அதிற் செல்லலாகாதெனத் தடை விதித்துவிட்டனர்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி ஓர் எண் கூறுமாறு கேட்பின், நான் கூறுவது இது. பாரம் முறையாக ஏற்றப்பட்டு, காற்று அமைந்து, சாலை உலர்ந்திருக்கையில் பெருஞ்சாலையில் 50 மைலிற் தொடங்குக. சில மைல் சென்றபின் வண்டி அமைதியாக ஓடுமாயின் 55 மைல் வரை உயர்த்தலாம். அந்த வேகத்தில் லொறிகள் நம்மைத் தாண்டுவதும் அரிது, நாம் அவற்றைத் தாண்ட வேண்டியதும் அரிது. 60 மைல் சட்டம் தரும் உரிமை. அதைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்பதில்லை. மழையிலும் பக்கக் காற்றிலும் 40 அல்லது 45 போதும்; அதற்கும் வண்டி ஆடுமாயின் அடுத்த தங்குமிடத்தில் நிறுத்திக் காற்று ஓயும்வரை காத்திருத்தல் வேண்டும். எனினும் நல்ல காலநிலையில் 35 மைலில் ஊர்ந்து செல்வதும் நன்றன்று. பின்வரும் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டும். ஒவ்வொன்றும் ஓர் உந்து தந்துவிட்டுப் போகும்.

ரயரைப் பற்றியும் ஒரு சொல். கரவன் ஆண்டில் பெரும்பகுதி ஓரிடத்தில் நிற்பது. ஆதலின் அதன் ரயர்கள் தேயுமுன்னரே மூப்படைந்துவிடும். மேற்பரப்பு புதிதுபோற் தோன்றினும் பக்கங்கள் வெடித்திருக்கும். காற்றுக் குறைந்த பழைய ரயர் வேகத்தாற் சூடேறி வெடிப்பதும் பாம்பு நெளிவுக்கு ஒரு தொடக்கமாகும். ஜேர்மனியர் 100 கிலோமீற்றர் அனுமதிக்கு ரயர் ஆறு வயதுக்கு உட்பட்டதாக இருக்கவேண்டுமென விதித்தது இதனாலேயே. ஆட்டத்தை உணர்ந்து கரவனின் பிறேக்கைத் தானே இயக்கும் மின்கருவிகளும் இன்று உள்ளன. அவை நல்லவையே. ஆனால் கருவி இருக்கின்றதென்று ஐந்து மைல் கூட்டி ஓட்டுபவர், அது தந்த பாதுகாப்பைத் தாமே திருப்பிக் கொடுத்துவிடுகின்றார்.

இத்தனைக்குப் பின்னும் நெளிவு தொடங்கிவிட்டால், கை இயல்பாகச் செய்ய விரும்புவதைச் செய்யாதிருத்தலே முதற் காரியம். ஆட்டத்துக்கு எதிராகச் சுக்கானைத் திருப்பலாகாது. நம் திருத்தம் எப்போதும் ஒரு கணம் பிந்தி, ஊஞ்சலை உந்தும் கைபோல் ஆகிவிடும். பிறேக்கை வன்மையாக அழுத்தலாகாது. வேகத்தைக் கூட்டிக் கரவனை நேராக இழுத்துவிடலாம் எனவும் எண்ணலாகாது. சுக்கானை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தல் வேண்டும். வேகம் தணியத் தணியத் தரையின் பிடி மீண்டு, ஆட்டம் தானே அடங்கும். அதன்பின் அடுத்த பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, ரயர்களைப் பார்த்து, கரவனின் கதவைத் திறந்து, பின்கோடியில் உள்ள பாரத்தை அச்சுக்கு மேலே மாற்றி அடுக்கிய பின்னர், முன் சென்ற வேகத்திலும் பத்து மைல் குறைவாகப் பயணத்தைத் தொடரலாம்.