மூலக்கூற்றின் பொருண்மை மையம்

காற்றுப் போதாத அடுப்பிலும் மோட்டார் வண்டியின் புகையிலும் பிறந்து, நிறமும் மணமும் இன்றி மனிதரைக் கொல்லவல்ல கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவின் மூலக்கூறு, ஒரு கரியணுவும் ஒரு பிராணவாயு அணுவும் மட்டுமே சேர்ந்த எளிய ஜோடி. இவ்விரண்டின் இடைத்தூரம் 1.128 ஆங்ஸ்ட்ராம்; ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரைப் பத்துக் கோடி கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு.

இந்த ஜோடியின் பொருண்மை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாகப் பாவித்தால், அப்புள்ளி எங்கே விழும்? காவடித்தண்டின் இரு முனைகளிலும் சமமற்ற குடங்களைத் தொங்கவிட்டவன் கனத்த குடத்தின் பக்கமாகத் தோளை நகர்த்திக்கொள்வதுபோல, மையமும் கனத்த அணுவின் பக்கமே சாயும். கரியின் பொருண்மை ஏறத்தாழ 12, பிராணவாயுவினுடையது 16, கூட்டுத்தொகை 28. ஆகவே கரியிலிருந்து மையத்திற்கு உள்ள தூரம் 1.128-இல் 28-க்கு 16 பங்கு, அதாவது 0.645 ஆங்ஸ்ட்ராம், எஞ்சிய 0.483 மறுபக்கத்தைச் சேரும். எலெக்ட்ரான்களின் எடை அணு எடையிலேயே அடங்கிவிட்டபடியால் அவற்றுக்கெனத் தனிக் கணக்கு வேண்டுவதில்லை.

இதே விதி நீர் மூலக்கூற்றுக்கும் பொருந்தும்; அதில் இரு ஹைட்ரஜன் அணுக்களும் 104.5 டிகிரி கோணத்தில் விரிந்து நின்றாலும், அக்கோணத்தைச் சமமாகப் பிளக்கும் கோட்டின்மீதே மையம் அமைந்து, பிராணவாயு அணுவின் நடுவைவிட்டு 0.066 ஆங்ஸ்ட்ராம் மட்டுமே விலகியிருக்கிறது.

பள்ளிப் பாடநூல்கள் இக்கணக்கை வெறும் பயிற்சியாகவே முடித்துவிடுவது எனக்கு ஒரு பெருங்குறையாகப் படுகிறது. ஏனெனில், வெளியில் தன்னிச்சையாகத் திரியும் மூலக்கூறு இந்த மையத்தைச் சுற்றியே சுழல்கிறது. ஒவ்வோர் அணுவின் பொருண்மையையும் மையத்திலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டிய தொகையே, மூலக்கூறு எந்தெந்த அதிர்வெண்களில் ரேடியோ அலையை வெளியிடும் என்பதை நிர்ணயிக்கிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு அவற்றுள் மிகத் தாழ்ந்தது 115.27 கிகாஹெர்ட்ஸ். சாதாரணக் கரிக்குப் பதிலாக 13 எடையுள்ள கரியை வைத்தால், மையம் அதை நோக்கி 0.022 ஆங்ஸ்ட்ராம் நகர, அதிர்வெண்ணும் 110.20-ஆக இறங்கிவிடுகிறது, இவ்வளவு நுண்ணிய மாறுதலையும் ரேடியோ தொலைநோக்கி தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

1970-இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் ஆகிய விஞ்ஞானிகள் மூவரும் ஓரியன் நெபுலாவிலிருந்து வரும் இந்த 115.27 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கண்டறிந்தனர். குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு இவ்வாறு அலை வீசாதபடியால், நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களின் படங்களை வானியலார் இன்றும் பெரும்பாலும் கார்பன் மோனாக்ஸைடின் அலையைக் கொண்டே வரைகின்றனர்.