வானத்துப் பேனும் ஒரு கைநூலும்

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது நாவலோ கவிதைத் தொகுப்போ அல்ல, விமானம் கட்டக் கற்றுத்தரும் ஒரு கைநூல். படித்தவர்களை நாற்காலியிலிருந்து எழுப்பிப் பட்டறைக்கு அனுப்பிய நூல் என்பதால் அதைப் பற்றி இங்கே பேசலாம் என்று நினைத்தேன்.

எழுதியவர் பிரான்சைச் சேர்ந்த ஆன்ரி மின்யே. வழக்கமான விமானங்களை ஓட்டுவது அவருக்குக் கைவரவில்லை. சாதாரண மனிதன் தானே செய்து தானே ஓட்டக்கூடிய ஒன்றை உருவாக்க முனைந்தார். மரமும் துணியும் பசையும் கொண்டு அவர் செய்த எச்.எம். 14 என்ற குட்டி விமானம் 1933 செப்டம்பரில் பறந்தது. அதற்கு 'வானத்துப் பேன்' என்று பெயர் வைத்தார். மறு ஆண்டு செய்முறையை நூலாக வெளியிட்டார். 1935இல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது பேன் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' ஆயிற்று. அந்த ஆண்டே அவர் அதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். பெட்டி செய்யத் தெரிந்தவனுக்கு விமானமும் செய்ய வரும் என்ற அவருடைய உற்சாகம் பரவி, பல வீட்டுக் கொட்டகைகளில் ரம்பச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அமைப்பு மிக எளிது. இரண்டு இறக்கைகள், ஒன்று முன்னால் சற்று உயரத்தில், மற்றது அதன் பின்னால். மற்ற விமானங்களில் மூக்கை ஏற்றி இறக்க வாலில் தனிப் பலகைகள் இருக்கும், பக்கவாட்டில் சாய இறக்கை ஓரங்களில் மடிப்புகள் இருக்கும், காலால் மிதிக்கும் கட்டைகளும் உண்டு. இதில் எதுவும் இல்லை. கையில் இருப்பது ஒரே கோல். அதை இழுத்தால் முன் இறக்கை முழுவதுமே நிமிர்ந்து மூக்கு மேலே எழும். பக்கவாட்டில் தள்ளினால் சுக்கான் திரும்பும்.

விபத்துகள் தொடர்ந்தன. விமானம் தலைகுப்புறப் பாய்ந்து, மீளாமலே தரையில் மோதியது. உயிர்கள் போயின. தச்சு வேலை சரியில்லை, ஓட்டியவருக்குப் பழக்கமில்லை என்று சொல்வது எளிது. ஆனால் பிரிட்டனில் ஃபார்ன்பரோவிலும் பிரான்சில் ஷாலே-மெதோனிலும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, குற்றம் வரைபடத்திலேயே இருந்தது தெரிந்தது.

விமானம் செங்குத்தாக இறங்கும்போது ஓட்டுபவர் கோலை இழுக்கிறார். முன் இறக்கை நிமிர, அதன் பின்விளிம்பு தாழ்ந்து பின் இறக்கையை நெருங்குகிறது. இடையிலுள்ள சந்து வழியாகக் காற்று வேகமாகப் பாய்ந்து பின் இறக்கையைத் தூக்குகிறது. பின்பக்கம் எழுந்தால் மூக்கு இன்னும் கீழே போகும். அவர் இன்னும் பலமாக இழுக்கிறார்.

செவிலியாக வேலை செய்யும் எனக்கு இந்த இடம் நன்றாகப் புரிகிறது. இதயம் தளர்ந்த நோயாளிக்கு இரத்த அழுத்தம் குறைகிறதே என்று திரவத்தை ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். சரியென்று பழகிய செயலே சில நிலைமைகளில் ஆளைக் கொல்லும். அந்த நேரத்தில் அது தெரிவதும் கடினம்.

மின்யே யாரையும் ஏமாற்றவில்லை. தான் பறந்ததைத்தான் எழுதினார். ஆனால் ஒருவருடைய அனுபவம் அவர் போகாத கோணங்களுக்குச் சாட்சி சொல்லாது. தன்னம்பிக்கையோடு எழுதப்பட்ட தன்வரலாற்று நடை அந்த இடைவெளியை வாசகர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

1936இல் பிரிட்டனில் இவ்விமானங்களுக்கான பறக்கும் அனுமதி நிறுத்தப்பட்டது. மின்யே சோர்ந்துவிடாமல் இறக்கைகளின் அமைப்பைத் திருத்தினார். 1965இல் இறக்கும்வரை புதிய வடிவங்களை வரைந்துகொண்டிருந்தார். அவற்றின் வழிவந்தவை பின்னாளிலும் பத்திரமாகப் பறந்தன. வீட்டில் விமானம் கட்டும் ஆசையும் அழியவில்லை. 1946இல் பிரிட்டனிலும் 1953இல் அமெரிக்காவிலும் இவர்களுக்கான சங்கங்கள் தோன்றின. இன்று பிரிட்டனில் இப்படிக் கட்டுபவர், துணி போர்த்துமுன் சட்டகத்தைப் பரிசோதகருக்குத் திறந்து காட்ட வேண்டும்.

வாய்ப்புக் கிடைத்தால் மின்யேயின் நூலைப் படியுங்கள். கூடவே, காற்றுச் சுரங்கச் சோதனையின் கதையையும் படியுங்கள்.