ஞானப்பல் எடுக்கும்போது

முப்பத்திரண்டு பற்களில் கடைசியாக வருபவை நான்கு. மேலும் கீழும் இரு கோடிகளிலும் ஒவ்வொன்றாக, பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் இவை முளைக்கின்றன. விவரம் தெரிந்த வயதில் வருவதால் ஞானப்பல் என்று பெயர். ஆந்திரத்தின் விஜயபுரம், நகரி பக்கத்தில் தெலுங்கு பேசுகிறவர்களும் அதே பொருளில் ஞானதந்தம் என்கிறார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்கு இவற்றில் ஒன்றோ அதற்கு மேலோ உருவாவதே இல்லை. அதனால் ஒரு குறையும் கிடையாது.

தாடையில் இடம் போதாதபோதுதான் தொல்லை தொடங்குகிறது. வரவேண்டிய பல் நிமிர்ந்து வர வழியில்லாமல் முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லின் மேல் சாய்ந்துகொள்கிறது, அல்லது எலும்புக்குள்ளேயே படுத்துவிடுகிறது. கீழ்த்தாடைப் பல்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். பாதி வெளியே, பாதி ஈறுக்குள் என்று நிற்கும் பல்லின் மேல் ஒரு சதை மடிப்பு மூடியிருக்கும். அதற்கடியில் புகும் சோற்றுப் பருக்கையை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. அது அழுகி, ஈறு வீங்கி, சீழ் பிடித்து, வாய் திறக்க முடியாமல் போகிறது. விழுங்கினால் காது வரை வலிக்கும்.

இந்தக் கட்டத்தில் பலரும் போவது மெடிக்கல் ஷாப்புக்குத்தான். நகரி வட்டாரத்தில் விசைத்தறியில் நிற்கிறவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. மாத்திரைக்குக் கை நீள்வதில் வியப்பில்லை. ஆனால் மாத்திரையில் வலி அடங்குமே தவிர, மடிப்பும் சாய்ந்த பல்லும் அப்படியேதான் இருக்கும். அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ திரும்ப வரும். நல்லதாக இருந்த பக்கத்துக் கடைவாய்ப் பல்லும் இதற்குள் சொத்தையாகி, ஒன்றுக்கு இரண்டாக இழக்க நேரலாம். வீங்கிய கன்னத்தில் வெளியே இருந்து சூடான ஒத்தடம் கொடுப்பதும், பல்லிடுக்கில் புகையிலை வைப்பதும் கேடுதான். கிராம்பு எண்ணெய் சற்று நேரம் மரத்துப்போகச் செய்யும், அவ்வளவே.

அதற்காக எல்லா ஞானப்பல்லையும் எடுத்துவிட வேண்டும் என்பதில்லை. தொந்தரவு இல்லாத பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. நேராக முளைத்து, சுத்தம் செய்ய முடிகிற பல் இருந்துவிட்டுப் போகட்டும். திரும்பத் திரும்ப வீங்குவது, சரிசெய்ய முடியாத சொத்தை, பக்கத்துப் பல்லுக்குச் சேதம், நீர்க்கட்டி ஆகியவைதான் எடுப்பதற்கான காரணங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் இருபதுகளில் எடுப்பது எளிது. வயது ஏற ஏற எலும்பு இறுகும், ஆறுவதும் தாமதமாகும்.

விஜயபுரத்துக்காரர்களுக்கு வடக்கே திருப்பதியில் சி.கே.எஸ். தேஜா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ரயிலில் சென்னை போகிறவர்களுக்கு, 1953-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஆந்திர மருத்துவமனையில் ஒப்புதல் படிவம் தெலுங்கில் இருந்து வாசிக்க வராவிட்டால், தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அது நோயாளியின் உரிமை.

முதலில் இரு தாடையும் ஒரே படத்தில் தெரியும்படி எக்ஸ்ரே எடுப்பார்கள். பல் எப்படிச் சாய்ந்திருக்கிறது, வேர் எத்தனை, கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கு எவ்வளவு பக்கம் என்பது அதில் தெரியும். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்பு. அது சிராய்ந்தால் அந்த இடம் வாரக்கணக்கில் மரத்திருக்கும். நிலையாக மரத்துப்போவது அரிது. நரம்பை ஒட்டியே வேர் இருந்தால், பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவிடும் முறையும் உண்டு.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை போகாது. அந்தப் பயத்தில் சீழோடு நாள் கடத்துவதுதான் ஆபத்து.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம், மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதைத் தானாக நிறுத்தவும் கூடாது. மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டே எடுத்துவிடுகிறார்கள். ஊசி போட்டதும் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின்தான் காரணம், பயப்பட வேண்டாம். பிறகு உதடும் நாக்கும் ஒரு பக்கம் தடித்தது போலக் கனக்கும். மருத்துவர் ஈறைக் கீறி விலக்கி, உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே பல்லை மூடிய எலும்பைக் கொஞ்சம் அராவி, தேவையானால் பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி நெம்பி எடுப்பார். வலி இருக்காது, அழுத்தம் தெரியும், சத்தம் கேட்கும். பல் வெட்டுப்படும்போது எழும் நறநறச் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்பது போலிருக்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது அவ்வளவாக மிரட்டாது. வலி தெரிந்தால் கையைத் தூக்கலாம். மறுபடி ஊசி போடுவார்கள். தையலோடு சேர்த்து பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும்.

இதற்குப் பிறகு நோயாளி கையில்தான் இருக்கிறது. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாகும். பக்கத்துப் புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதை இந்த வட்டாரமே அறியும். குழிக்கு அந்த ரத்தக்கட்டிதான் கட்டு. அதற்கடியில்தான் எலும்பு ஆற வேண்டும். அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடாமல் காப்பதே முதல் நாள் வேலை. வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி வரை இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சக் கூடாது. சித்தூர்ப் பக்கம் மாம்பழக் காலமாகவே இருந்தாலும் பழத்தை உறிஞ்சாமல் மசித்துச் சாப்பிடலாம். பீடி, சிகரெட், புகையிலை, மது எல்லாவற்றையும் ஒரு வாரமாவது தள்ளிவைக்க வேண்டும். மரத்தது தெளியும் வரை சாப்பிடவும் வேண்டாம். உதட்டைக் கடித்துக்கொண்டால் தெரியாது.

ஆறிய கேழ்வரகுக் கூழ், தயிர் சாதம், காரமில்லாத குழைந்த சோறு நல்லது. முதல் நாள் கன்னத்தில் துணியில் சுற்றிய ஐஸை விட்டுவிட்டு வைக்கலாம். எச்சிலில் சிவப்பு கலந்து வருவது முதல் நாள் முழுக்க இருக்கும். ஒரு நாள் கழிந்த பின் வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்திருந்து, வேகமாகத் துப்பாமல் வழியவிட வேண்டும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். அதைக் கண்டு கலங்க வேண்டாம். வாய் திறப்பதும் சிரமமாக இருந்து மெல்லச் சரியாகும். பொதுவாக இரண்டு மூன்று நாள் ஓய்வு போதும்.

வலி குறைந்துவந்து, மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று கூடி, காது வரை குடைந்து, வாயும் நாறினால் ரத்தக்கட்டி விழுந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். புகைப்பவர்களுக்கு இது அதிகம். மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் விரைவில் வலி தணியும். பஞ்சைக் கடித்தும் நிற்காத ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். தாடைக்கு அடியில் கெட்டியாக வீங்கி, நாக்கு மேலெழும்பி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ முடியாவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து; ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் 108 ஒரே எண்தான்.

தையல் ஒரு வாரத்தில் பிரிக்கப்படும். சில நூல் தானே கரைந்துவிடும். ஈறு சில வாரங்களில் மூடிக்கொள்ளும். குழி எலும்பால் நிரம்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை உணவுத் துணுக்குகள் அங்கே தங்கும், சாப்பிட்டதும் தண்ணீரால் மெல்லக் கொப்பளித்தால் போதும்.