தாத்தாவின் ரேடியோ பார்சலில் உடைந்து வந்தால் நஷ்டஈடு கிடைக்குமா?

ஊர் வீட்டில் பரணை ஒழிக்கிறார்கள். ஒரு மர்பி வால்வு ரேடியோ, பழைய சுமீத் மிக்ஸி, உஷா தையல் மிஷின், இரும்பு டேபிள் ஃபேன் என்று ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது. "பழைய இரும்புக் கடைக்குப் போட்ரவா, நீ வச்சுக்கிறியா?" என்று அம்மா போனில் கேட்கிறார். கீழ்க்கட்டளை ஃபிளாட்டில் இருக்கும் பிள்ளை "பார்சல்ல போட்டு விடுங்கம்மா" என்கிறது. இரண்டு நாள் கழித்து வந்து சேரும் அட்டைப்பெட்டியைத் தூக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம்.

பழைய பொருள் மீது ஆசை உள்ளவர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பார்த்து, பேரம் பேசி, கையோடு தூக்கி வந்துவிடலாம். சிக்கல் எல்லாம் ஊரிலிருந்து வருவதிலும், ஆன்லைனில் வாங்குவதிலும்தான். புது மிக்ஸி உடைந்தால் கம்பெனி மாற்றித் தரும். 50 வருஷத்துக்கு முந்தைய பொருள் உடைந்தால் யாரைக் கேட்பது? எவ்வளவு கேட்பது? அதற்கு பில்லும் கிடையாதே?

சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் பார்சல் வந்த முதல் ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்வதைப் பொறுத்துத்தான் பாதி விஷயம் அமையும்.

பெட்டி வந்ததும் என்ன செய்யணும்?

பெட்டியைப் பிரிக்கும் முன்பே நான்கு பக்கமும், அடிப்பக்கமும் போட்டோ எடுங்கள். நசுங்கல், ஈரம், கிழிந்த டேப், ஒட்டியிருக்கும் லேபிள் எல்லாம் தெரிய வேண்டும். பிரிப்பதை ஒரே ஷாட்டில் வீடியோ எடுங்கள். டெலிவரிக்கு வந்தவர் அவசரப்படுத்துவார். கையெழுத்துப் போடும் இடத்தில் "பெட்டி சேதமாக வந்தது, உள்ளே சோதிக்கவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வரிக்குக் கீழே வெறும் கையெழுத்துப் போட்டால் பின்னால் அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

அன்றைக்கே பார்சல் நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தாலும் மெயில் தனியாக இருக்கட்டும். பெட்டி, தெர்மோகோல், உடைந்த துண்டு, கழன்ற ஸ்க்ரூ எதையும் தூக்கிப் போடாதீர்கள். அவை சாட்சியும்கூட, நாளைக்கு ஒட்டிச் சரிசெய்ய வேண்டிய உதிரியும்கூட. கிளெய்ம் முடியும் வரை எதையும் ஒட்ட வேண்டாம்.

ப்ளக்கில் சொருகிப் பார்க்கலாமா?

கூடாது. "வேலை செய்யுதான்னு ஒரு தடவை பார்த்துடலாம்" என்ற ஆசைதான் பாதி ரிப்பேர் ஆன பொருளை முழு ரிப்பேர் ஆக்குகிறது.

வால்வு ரேடியோவில் கனமான டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. பயணத்தில் அது அசைந்து கம்பிகளை இழுத்திருக்கலாம். பல வருஷம் ஓடாமல் கிடந்ததில் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் காய்ந்துபோயிருக்கும். ரப்பர் சுற்றிய வயர் தொட்டாலே உதிரும். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும் செட்கள் இவை. ஏசி, டிசி இரண்டிலும் ஓடும்படி செய்த சில மாடல்களில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே நேரடியாக மெயின் லைனோடு இணைந்திருக்கும். கேபினெட் உடைந்து அந்தச் சட்டம் வெளியே தெரிந்தால், தொடுகிறவருக்கு ஷாக் நிச்சயம். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் உள்ளே பார்ப்பார், பிறகு ஒரு குண்டு பல்பை சீரியஸில் போட்டுச் சோதிப்பார். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம்.

பழைய டயனோரா, சாலிடேர் டிவி என்றால் பின்பக்க மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். பிக்சர் டியூப் உள்ளே வெற்றிடம். விரிசல் விட்டால் கண்ணாடி சிதறும். அதிக மின்னழுத்தமும் அதில் தேங்கியிருக்கலாம்.

பழைய ஃபிரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்களுக்குள் ஏறியிருக்கும். நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். குழாய் உடைந்து கேஸ் போய்விட்டதென்றால் சிக்கல் பெரிது. 1980-களின் ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்-12 என்ற கேஸ். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அந்த வகை கேஸ்களை இந்தியா 2010 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டது. "வேற கேஸ் அடிச்சுத் தர்றேன்" என்பவரிடம் எந்த கேஸ் என்று கேளுங்கள். தீப்பிடிக்கும் தன்மையுள்ள கேஸை அதற்கென்று வடிவமைக்காத பழைய பெட்டியில் அடிப்பது ஆபத்து.

சரி, யார் பொறுப்பு?

லாரி பார்சலில் வந்திருந்தால் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 பொருந்தும். அதில் நமக்குச் சாதகமான அம்சம் ஒன்று உண்டு. பொருள் சேதமானதற்கு நிறுவனத்தின் கவனக்குறைவுதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. முந்தைய 1865-ம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விதி இருந்தது.

தமிழ்நாட்டில் தொடங்கிய ஒரு வழக்கு இதற்கு உதாரணம். 1995-ல் சரண் ஸ்பின்னிங் மில்ஸ் கொல்கத்தாவுக்கு அனுப்பிய நூல், லாரி விபத்தில் நாசமானது. திண்டுக்கல் நுகர்வோர் மன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கவனக்குறைவை அனுப்பியவர் நிரூபிக்கத் தேவையில்லை என்ற விதி நுகர்வோர் வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பாதகமான அம்சமும் உண்டு. அதிக மதிப்பு என்று சொல்லி, அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், நிறுவனத்தின் பொறுப்பு பார்சல் கட்டணத்தைப் போல 10 மடங்குக்குள் நின்றுவிடும். 400 ரூபாய் கட்டி அனுப்பிய ரேடியோவுக்கு அதிகபட்சம் 4,000 ரூபாய். சந்தையில் அது 15,000 ரூபாய்க்குப் போனாலும் அவ்வளவுதான். சீட்டில் "பழைய வீட்டுச் சாமான், மதிப்பு 500 ரூபாய்" என்று அப்பா எழுதிக் கொடுத்திருந்தால் அந்த 500-க்கு மேல் கேட்பதே கஷ்டம்.

இன்னொரு முக்கியமான கெடு: பார்சல் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் சேதம் பற்றி எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்து. அப்பா ஊரில் புக் செய்து, மகள் இங்கே வாங்கியிருந்தால் இருவர் பெயரிலும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புவது நல்லது.

பொடி எழுத்தில் என்ன இருக்கும்?

கூரியர் சீட்டின் பின்பக்கம் யாரும் படிப்பதில்லை. பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு ஏன் படிக்க வேண்டும் என்பதைக் காட்டும். 1990-ல் அந்த நிறுவனம் ஜெர்மனிக்கு டி.எச்.எல். கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. வியாபாரத்தில் நஷ்டம். மாநில ஆணையம் 4.29 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. ஆனால் சீட்டில் இருந்த நிபந்தனைப்படி 100 டாலர்தான் என்று தேசிய ஆணையம் குறைத்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

அதற்குப் பிறகு, கையெழுத்தே இல்லாத சீட்டிலும், வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லாத நிபந்தனையிலும் அந்த வரம்பு செல்லாது என்று நுகர்வோர் ஆணையங்கள் சொன்னதும் உண்டு. அதனால் சீட்டின் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். ஆம்னி பஸ்ஸில் சீட்டே இல்லாமல் கொடுத்து அனுப்பி, கிளாம்பாக்கத்தில் போய் வாங்கிக்கொள்வது சுலபம்தான். ஆனால் உடைந்தால் கையில் ஒரு காகிதம்கூட இருக்காது.

ரயில், தபால், விமானம் என்றால்?

ரயில் பார்சலில் மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்டவில்லை என்றால் எடைக் கணக்கில் ஒரு சிறிய தொகைதான் கிடைக்கும். ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ரயில்வேக்கு நோட்டீஸ் போக வேண்டும். பிறகு போக வேண்டிய இடம் ரயில்வே கிளெய்ம்ஸ் தீர்ப்பாயம்.

தபாலில் சட்டமே அரசுக்குப் பாதுகாப்பு தருகிறது. 2024 ஜூனில் அமலுக்கு வந்த அஞ்சல் அலுவலகச் சட்டம், 2023-ம் அதைத் தொடர்கிறது. விதிகளில் சொன்ன அளவுக்குத்தான் பொறுப்பு. எனவே மதிப்புள்ள பொருளை இன்ஷூர் செய்யாமல் தபாலில் அனுப்ப வேண்டாம்.

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து விமானத்தில் வந்தால், செக்-இன் பெட்டிக்கு 7 நாள், கார்கோவுக்கு 14 நாள். அதற்குள் எழுத்துமூலம் புகார் இல்லை என்றால் கிளெய்ம் கிட்டத்தட்ட போனதுதான்.

ஆன்லைனில் வாங்கியது உடைந்தால்?

இ-காமர்ஸ் தளத்தில் கடைக்காரரிடம் வாங்கியிருந்தால், விளம்பரத்தில் சொன்ன நிலையில் இல்லாத பொருளைத் திருப்பி எடுக்கவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. தனிநபரிடம் வாங்கினால் கதை வேறு. பொருட்கள் விற்பனைச் சட்டம், 1930-ன்படி, விற்பவர் பார்சல் ஆபீஸில் ஒப்படைத்தாலே பொதுவாக உங்களிடம் ஒப்படைத்த மாதிரி. ஆனால் நியாயமான முறையில் அனுப்ப ஏற்பாடு செய்யும் கடமை அவருக்கு உண்டு. பணம் அனுப்பும் முன்பே "எப்படி பேக் செய்வீங்க, உடைந்தால் யார் பொறுப்பு?" என்று மெசேஜில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள்.

இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா?

பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பில்லில் "இன்ஷூரன்ஸ்" என்று ஒரு தொகை இருக்கும். அது உண்மையான பாலிசியா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயரும் பாலிசி நம்பரும் உள்ள சான்று கேளுங்கள். அடிப்படை வகைப் பாலிசிகள் தீ, லாரி மோதல், கவிழ்தல் போன்றவற்றுக்கு மட்டும்தான். ஏற்றி இறக்கும்போது கீழே போட்டு உடைந்தால் 'ஆல் ரிஸ்க்' வகை வேண்டும். அதிலும் பேக்கிங் சரியில்லை என்றாலோ, வெளியே அடிபட்ட அடையாளம் இல்லாமல் உள்ளே மட்டும் ஓடவில்லை என்றாலோ மறுப்பார்கள்.

பில் இல்லாத பொருளுக்கு மதிப்பு எப்படிக் காட்டுவது?

அனுப்பும் முன் எடுத்த போட்டோ, முடிந்தால் ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ. அதே மாடல் விற்பனைக்கு இருக்கும் இரண்டு மூன்று விளம்பரங்களின் ஸ்கிரீன்ஷாட். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட். இந்த மூன்றும் இருந்தால் ஆணையத்தில் பேச முடியும். "பாட்டி நினைவா வச்சிருந்தது" என்பதற்கு விலை போட முடியாது. மன உளைச்சலுக்கு என்று தனியாக இழப்பீடு கேட்கலாம், அவ்வளவுதான்.

எங்கே புகார் செய்வது?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பார்சல் மதுரையில் புக் ஆகியிருந்தாலும், தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கும் கீழ்க்கட்டளைவாசி செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கட்டிய சேவைக் கட்டணம்தான் கணக்கு. அது 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். கெடு 2 வருஷம். கட்டணம் கட்டியது அப்பாவாக இருந்தாலும், அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையின் பயனைப் பெறுகிற நீங்களும் சட்டப்படி நுகர்வோர்தான்.

அனுப்பும் முன் வீட்டில் சொல்ல வேண்டியவை

ரேடியோ: வால்வுகள் எந்தக் குழியில் எது என்று போட்டோ எடுத்துவிட்டு, கழற்றித் தனியாகச் சுற்றவும். பேக்கலைட் கேபினெட் பீங்கான் மாதிரி, வளையாது, உடையும். பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் நாலு விரல் கனத்துக்குப் பஞ்சோ பழைய துணியோ அடைக்கவும்.

தையல் மிஷின்: தலையையும் ஸ்டாண்டையும் பிரிக்கவும். வார்ப்பிரும்பு கனமானது, ஆனால் கீழே விழுந்தால் விரிசல் விடும். ஒட்டுவது சுலபமில்லை.

கிரைண்டர்: குழவியைக் கல்லுக்குள் விட்டு அனுப்பாதீர்கள். தனித்தனியாகச் சாக்கில் கட்டவும்.

மிக்ஸி, ஃபேன்: ஜார், இறக்கை, வலை எல்லாம் தனியாக. மோட்டார் பக்கம் கீழே இருக்கும்படி வைக்கவும்.

சீட்டில் உண்மையான மதிப்பை எழுதச் சொல்லுங்கள். பார்சல் ஆபீஸில் "எதுக்குங்க, சும்மா 500-னு போடுங்க" என்பார்கள். அங்கே மிச்சமாகும் சில ரூபாய்க்காகத்தான் பிறகு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம். பொருள் அதைவிட அருமையானது என்றால், அடுத்த முறை ஊருக்குப் போய் காரில் மடியில் வைத்துக் கொண்டுவருவதே மலிவு.