முன்சக்கரங்களின் கோணக் கணக்கு

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா நிறுவனம் ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் எம்எக்ஸ்-5; அமெரிக்கர்களுக்கு மியாட்டா. இரண்டே இருக்கை, மடக்கிவிடக்கூடிய கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. இத்தனை பேர் இதை விரும்பி வாங்கியது எஞ்சின் பலத்துக்காக அல்ல, வளைவில் திரும்பும் அழகுக்காக. அந்த அழகு முன்சக்கரங்களின் கோணங்களில் இருக்கிறது. கோணம் கெட்டால் இதுவும் சாதாரணக் கார்தான்.

மூன்று கோணங்கள். சக்கரத்தின் மேல்முனை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது இரு சக்கரங்களின் முன்விளிம்புகள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பது டோ. சக்கரம் எந்த அச்சைப் பற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு பின்பக்கம் சாய்ந்திருப்பது காஸ்டர். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது காஸ்டரால்தான். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது காஸ்டரால்தான்.

நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் மாக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற சஸ்பென்ஷன் அமைப்புதான். அலைன்மென்ட் கடைக்குப் போனால் டோவைத் திருத்தி அனுப்பிவிடுவார்கள். மற்ற இரண்டையும் மாற்ற அந்தக் கார்களில் பொதுவாக வழி இருக்காது. எம்எக்ஸ்-5 அப்படியல்ல. ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு விஷ்போன் கரங்கள் தாங்குகின்றன. கீழ்க்கரம் வண்டியோடு இணையும் இரு இடங்களிலும் ஒரு விசேஷ போல்ட் உண்டு. அதன் தலையை ஒட்டிய வட்டத்தட்டு மையம் விலகியது. விளிம்பில் கோடுகள் குறித்திருக்கும். போல்ட்டைத் திருப்பினால் கரத்தின் அந்த முனை சில மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ நகரும். இரண்டையும் சேர்த்து வெளியே தள்ளினால் சக்கரத்தின் அடிப்பகுதி வெளியே போய், மேல்முனை உள்ளே சாயும். அதாவது கேம்பர் நெகட்டிவ் பக்கம் போகும். ஒன்றை வெளியேயும் மற்றதை உள்ளேயும் நகர்த்தினால் காஸ்டர் மாறும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் அசையும். அதனால் பொறுமை வேண்டும். திருப்பி, அளந்து, மறுபடி திருப்ப வேண்டும்.

வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும்போது வெளிப்பக்க டயரின் ஓரத்தில்தான் பாரம் விழும். முன்கூட்டியே சக்கரத்தைச் சற்று உள்ளே சாய்த்து வைத்தால், அந்த நேரத்தில் டயர் முழு அகலத்தோடு சாலையைப் பிடிக்கும். வேகமாக ஓட்ட விரும்புகிறவர்கள் சுமார் ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பர் வைப்பது இதனால்தான். அதற்கு மேல் போனால் நேர்ச்சாலையில் டயரின் உள்விளிம்பு தேயும்.

டயரை உண்மையில் தின்பது டோதான். 14 அங்குல ரிம்மின் விட்டம் சுமார் 356 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகல் கண்ணுக்கே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டால், அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2.8 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது!

இந்தக் கோணங்களைத் திருத்தும்போது வரிசை தவறவே கூடாது. முதலில் டயர் காற்று. அடுத்து ஓட்டுநரின் எடைக்குச் சமமான பாரத்தை இருக்கையில் வைக்க வேண்டும். 950 கிலோ காரில் 75 கிலோ மனிதர் உட்கார்ந்தால் மொத்த எடையில் எட்டு சதவீதம் கூடுகிறது. ஸ்பிரிங் அமுங்கி எல்லாக் கோணமும் மாறும். கனத்த கார்களில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, இதில் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். பிறகு பின்சக்கரங்கள், அதன்பின் முன்பக்கக் காஸ்டர், கேம்பர், கடைசியில்தான் டோ. முன்னவற்றைத் தொட்டால் டோ கலையும் என்பதால் இந்த வரிசை. டோவைத் திருத்த டை ராடைத் திருப்பும்முன் அதன் ரப்பர் உறையின் கிளிப்பைத் தளர்த்தாவிட்டால் உறை முறுக்கிக்கொண்டு கிழியும். இரு பக்கமும் சமமாகத் திருப்பாவிட்டால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். கீழ்க்கரத்தின் போல்ட்களை, நான்கு சக்கரமும் தரையில் பாரம் தாங்கும் நிலையில்தான் இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கேறிய நிலையிலேயே பிடிபட்டு, சீக்கிரம் பழுதாகும்.

முதல் தலைமுறைக் கார்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் இந்தப் போல்ட்கள் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கிடக்கும். சில சமயம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பழைய எம்எக்ஸ்-5 வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் கீழே குனிந்து, பின்சக்கரங்கள் உட்பட நான்கு சக்கரங்களிலும் இந்தப் போல்ட்கள் திரும்புகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.